புழுதி விதைப்பும் ஆண்டவரின் வருகையும்

இந்த இதழ் உங்கள் கைகளுக்கு வந்து சேரும்போது திருவருகைக் காலம் தொடங்கியிருக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட காலம் இது. பாலன் பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் காலம் என்றே எம்மில் பலர் இதை நினைக்கிறோம். ஆனால் டிசெம்பர் 16ஆம் திகதி வரை ஆலயத்தில் வாசிக்கப்படும் வாசகங்களைக் கவனித்துக் கேட்டால் ஒன்று விளங்கும். அவை பெரும்பாலும் ஆண்டவர் மீண்டும் வரப்போகும் நாளைப் பற்றியே பேசுகின்றன. விழிப்பாய் இருங்கள், ஆயத்தமாய் இருங்கள் என்பதே அவற்றின் சாரம்.

எமது மண்ணில் இது காலபோகப் பயிர் பச்சை பிடித்து நிற்கும் காலமுமாகும். வன்னியில் வயல் செய்தவர்களுக்கு விழித்திருத்தல் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. காவல் கொட்டிலில் படுத்திருந்து, நடுச்சாமத்தில் எழும்பி, தகரத்தில் தட்டி, நெருப்பு மூட்டி, காட்டுப்பன்றியையும் யானையையும் கலைத்தவர்கள் நாம்.

ஆனால் வயலை விட்டு வந்தவர் எதற்காக விழித்திருப்பது?

இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் நடந்த மாலைச் செபக் கூட்டத்தில் வயதான கமக்காரர் ஒருவர் இதை நேராகவே கேட்டார். அவருடைய தறப்பாள் கொட்டிலின் மூலையில் ஒரு சாக்கில் விதைநெல் இருந்தது. மூன்று இடப்பெயர்வுகளில் அவர் தோளில் சுமந்து வந்த நெல் அது.

"சுவாமி, ஆண்டவர் வாற வருசம் வந்திடுவார், உலகம் முடியப்போகுது எண்டு ஒருத்தர் வந்து பிரசங்கம் பண்ணிப்போட்டுப் போறார். அப்பிடியெண்டால் இந்த விதைநெல்லைக் குத்திப் பேரப்பிள்ளையளுக்குச் சோறாக்கிக் குடுக்கிறதுதானே சரி? நான் என்னத்துக்கு இதைக் காவிக்கொண்டு திரியிறன்?"

சிலர் சிரித்தனர். ஆனால் அது சிரிப்புக்குரிய கேள்வியல்ல. அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த நாட்களில் அரை வயிற்றோடுதான் படுத்தார்கள். ஆண்டவரின் வருகையை நம்புகிறவர் விதைநெல்லை வைத்திருப்பாரா, உண்டு தீர்ப்பாரா? இந்தக் கேள்விக்குள் எமது விசுவாசமும் இருக்கிறது, எமது அடுத்த போகமும் இருக்கிறது. எனவே அதைச் சற்று ஆறுதலாக ஆராய்வோம்.

காலம் தெரியும், நாள் தெரியாது

எமது மானாவாரி நிலங்களில் புழுதி விதைப்பு என்றொரு முறை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. மழைக்கு முன்பே நிலத்தை உழுது, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்து மறுத்துவிடுகிறோம். வானத்தில் முகிற் கூட்டம் ஒன்றும் இராது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் என்பது தெரியும். எந்த நாளில் பெய்யும் என்பது எவருக்கும் தெரியாது. ஒரு சிறு தூறலுக்கு முளைத்து, பிறகு மழை பிந்தினால் முளை கருகிவிடும். மழை வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தாலோ, நிலம் சேறாகி வெள்ளம் நின்றபின் விதைக்க முடியாது. காலத்தை அறிந்து, நாளை அறியாமல், கையில் உள்ள விதையை மண்ணிடம் ஒப்படைக்கிறோம்.

ஆண்டவர் தமது வருகையைப் பற்றிச் சொன்னதும் இதே விதமாகத்தான். அத்திமரம் தளிர்க்கும்போது கோடை அண்மையில் இருப்பதை அறிகிறீர்களே என்று அவர் கேட்டார். அதே அதிகாரத்தில், அந்த நாளையும் வேளையையும் வானதூதர்களும் அறியார், மகனும் அறியார், தந்தை ஒருவரே அறிவார் என்றும் சொன்னார் (மாற்கு 13). காலத்தின் அடையாளங்களைப் பார்க்கச் சொன்னவர், நாள் குறிக்கும் வேலையை எம்மிடம் தரவில்லை.

புனித யாக்கோபு தமது திருமுகத்தில் ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருப்பது எப்படி என்று சொல்ல வந்தபோது, போர்வீரனையோ வணிகனையோ உதாரணம் காட்டவில்லை. கமக்காரனைக் காட்டினார். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் கமக்காரனைப் பாருங்கள் என்றார் (யாக்கோபு 5). பாலஸ்தீன நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் முன்மாரி, வெயிலில் இறுகிய நிலத்தை உழவுக்கு இளக்கும். பங்குனியை ஒட்டிப் பெய்யும் பின்மாரி கதிரில் மணியை முற்ற வைக்கும். இரண்டு மழைக்கும் இடையில் அந்நாட்டுக் கமக்காரன் சும்மா இருப்பதில்லை. உழுகிறான், விதைக்கிறான், களை பிடுங்குகிறான், காவல் இருக்கிறான். யாக்கோபு சொல்லும் பொறுமை இந்த வேலைகள் எல்லாம் அடங்கிய பொறுமையாகும்.

போந்து நாட்டுக் கமக்காரர்

நாள் குறித்துக் காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குத் திருச்சபை வரலாற்றில் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. உரோமைத் திருச்சபையில் வாழ்ந்த இப்போலித்து என்பவர் கி.பி. 204ஆம் ஆண்டளவில் தானியேல் நூலுக்கு ஓர் உரை எழுதினார். அதில் தம் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைக் குறிப்பிடுகிறார்.

ஒன்று சிரியா நாட்டில் நடந்தது. அங்கே திருச்சபைத் தலைவர் ஒருவர் தம் மக்களை, கிறிஸ்துவை எதிர்கொள்ளப் போவோம் என்று சொல்லி, மனைவி பிள்ளைகளோடு பாலைநிலத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் மலைகளிலும் வழிகளிலும் அலைந்து திரிந்தார்கள். கள்வர் கூட்டம் என்று எண்ணி, நாட்டு அதிகாரி படையை அனுப்ப இருந்தார். அவருடைய மனைவி கிறிஸ்தவராக இருந்தபடியால், அவர் மன்றாடித் தடுத்து அந்த மக்களைக் காப்பாற்றினார்.

மற்றது கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியில் உள்ள போந்து நாட்டில் நடந்தது. அங்கிருந்த தலைவர் பக்தியும் தாழ்ச்சியும் உள்ளவர். ஆனால் மறைநூலைவிடத் தாம் கண்ட கனவுகளை அதிகம் நம்பினார். முதலில் ஒரு கனவு, பிறகு இரண்டாவது, மூன்றாவது. இன்னும் ஓராண்டில் தீர்ப்பு நாள் வரும் என்று அறிவித்தார். தாம் சொன்னது நடக்காவிட்டால் இனி மறைநூலையே நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மக்கள் அஞ்சி அழுதனர், இரவும் பகலும் செபித்தனர். வயல்களைத் தரிசாக விட்டனர். பலர் தம் உடைமைகளை விற்றனர்.

ஓராண்டு கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வயலைக் கைவிட்டவர்கள் மீண்டும் கலப்பையைத் தேடிப் போனார்கள். உடைமைகளை விற்றவர்கள் கடைசியில் பிச்சை எடுக்க நேர்ந்தது என்று இப்போலித்து எழுதுகிறார்.

1800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் செய்தியை வாசிக்கும்போது, எமக்கு முகாமின் விதைநெற் சாக்குத்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தலைவர் கெட்டவர் அல்லர். மக்களும் சோம்பேறிகள் அல்லர். ஆனால் ஒரு தவறான நாட்கணக்கு ஒரு கிராமத்தின் முழுப் போகத்தையும் அழித்தது. விசுவாசத்துக்கும் இடறல் ஆனது.

நாள் குறித்த இன்னொரு கமக்காரர்

இது பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்றொரு கமக்காரர் இருந்தார். 1782இல் பிறந்தவர், போருக்குப் போய் வந்தவர், தாமே மறைநூலைக் கற்றவர். தானியேல் நூலில் உள்ள எண்களைக் கணக்கிட்டு, கிறிஸ்துவின் வருகை அண்மித்துவிட்டது என்று 1831இல் பிரசங்கிக்கத் தொடங்கினார். அவருடைய இயக்கத்தவர்கள் இறுதியாக 1844 ஒக்ரோபர் 22 என்ற நாளைக் குறித்தனர். அறுவடைக் காலம் அது. சிலர் விளைந்த பயிரை எடுக்காமல் வயலிலேயே விட்டனர். வேறு சிலர் கடைகளை மூடினர். அந்த நாள் வந்தது, போனது. மறுநாள் காலையில் அவர்கள் அழுத அழுகையையும், ஊரார் செய்த கேலியையும் அந்த இயக்கத்தின் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

மில்லர் நேர்மையானவர். தமது கணக்குப் பிழைத்தது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆண்டவர் வருவார் என்ற நம்பிக்கையை மட்டும் கைவிடாமல் 1849இல் இறந்தார். அந்த இயக்கத்திலிருந்து உருவாகி 1863இல் அமைப்புப் பெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் அதன்பின் நாள் குறிப்பதில்லை. அவர்கள் உலகெங்கும் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் நடத்துகிறார்கள். ஏமாற்றத்திலிருந்து சரியான பாடத்தைப் படித்தவர்கள் என்றே அவர்களைச் சொல்ல வேண்டும்.

நாள் குறிக்கும் போதனை ஏன் எம்மவரிடம் இலகுவாக எடுபடுகிறது என்பதும் எமக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்தவர்களுக்கும், 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும், 2009இல் வன்னியிலிருந்து முட்கம்பிக்குள் வந்தவர்களுக்கும் எப்போது வீடு திரும்பலாம் என்று எவரும் ஒரு திகதி சொல்லவில்லை. சொன்ன திகதிகளும் பொய்த்தன. திகதியே இல்லாமல் ஆண்டுக்கணக்காக இருந்த ஒருவரிடம் வந்து, இதோ ஒரு திகதி என்று சொன்னால், அது தண்ணீர் விடாய்த்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பது போல இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் செம்பு வெறுமையானது என்பதை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேலை செய்ய மனமில்லாதவர் யார்?

தெசலோனிக்கா நகரச் சபைக்குப் புனித பவுல் எழுதிய முதலாம் திருமுகம் கி.பி. 50 அல்லது 51ஆம் ஆண்டுக்குரியது. புதிய ஏற்பாட்டில் மிக முந்தி எழுதப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆண்டவரின் வருகையே அதன் முக்கிய பொருள். அதே சபைக்குரிய இரண்டாம் திருமுகத்திலிருந்து, சிலர் வேலையை விட்டுவிட்டுப் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தனர் என்பதை அறிகிறோம். ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்ற பரபரப்பே அதற்குக் காரணம் என்று பலர் கருதுகின்றனர். வேலை செய்ய மனமில்லாதவர் உண்ணலாகாது என்று அங்கே கட்டளை கொடுக்கப்படுகிறது. கூடாரம் செய்யும் தொழிலாளியான பவுல், தாமே இரவு பகலாகக் கைகளால் உழைத்ததையும் நினைவூட்டுகிறார்.

இந்த வசனத்தை இடம்பெயர்ந்த மக்களுக்கு எதிராகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. "நிவாரணத்தில் இருந்து பழகிவிட்டார்கள்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் பவுல் எச்சரிப்பது வேலை செய்ய மனமில்லாதவரை. காணி பறிபோனவரை, வயலில் கண்ணிவெடி இருந்ததால் இறங்க முடியாதிருந்தவரை, கூலி வேலை தேடியும் கிடைக்காதவரை அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை எமது பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்த வேண்டும். நிவாரண வரிசையில் நின்றது எமக்கு வெட்கமல்ல.

அதேவேளை, செய்யக்கூடிய சிறிய வேலையையும் செய்யாமல் இருப்பது எம்மை உள்ளே தின்றுவிடும் என்பதும் உண்மை. தறப்பாள் கொட்டிலைச் சுற்றி ஆறடி நிலத்தில் பயிற்றங்கொடி படரவிட்ட தாய்மாரைக் கண்டிருக்கிறோம். ஒரு தாய் கத்தரி விதையையும் மிளகாய் விதையையும் சாம்பலில் பிரட்டி, சிறு போத்தலில் அடைத்து, முகாமுக்கு முகாம் கொண்டு திரிந்தார். அவர் செய்ததுதான் விழித்திருத்தல்.

படியளக்கும் பணியாளர்

தலைவர் பயணம் போயிருக்கும் வீடு ஒன்றைப் பற்றி ஆண்டவர் ஓர் உவமை சொன்னார் (லூக்கா 12). வீட்டாருக்கு வேளாவேளைக்கு உணவு அளந்து கொடுக்கும் பொறுப்பு ஒரு பணியாளரிடம் விடப்பட்டது. தலைவர் வரும்போது அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவரே பேறுபெற்றவர். தலைவர் வரச் சுணங்கும் என்று எண்ணி, மற்றவர்களை அடித்து, தான் மட்டும் உண்டு குடிப்பவர், எதிர்பாராத நாளில் பிடிபடுவார்.

இந்த உவமையில் விழிப்பாயிருத்தல் என்பது படியளவு. சாமம் முழுவதும் கண் விழித்துச் செபித்தவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. மற்றவர்களுடைய சாப்பாட்டைச் சரியாக அளந்தாரா என்பதே கேள்வி. முகாம்களில் அரிசி, மா, பருப்பு பங்கிட்டவர்கள், சங்கக்கடைத் தராசில் நின்றவர்கள், மீள்குடியேற்றத்தின்பின் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதியவர்கள், குளத்து நீரைப் பங்கிடும் கமக்கார அமைப்புகளின் பொறுப்பாளர்கள் ஆகிய எல்லாருக்கும் இந்த உவமை பொருந்தும். ஆலயப் பங்குச் சபையில் இருக்கும் எமக்கும் பொருந்தும். கைம்பெண் ஒருத்தியின் பெயர் பட்டியலில் விடுபட்டுப் போனால், அந்த வீட்டில் தலைவரின் வருகைக்கு ஆயத்தம் நடக்கவில்லை என்பதே பொருள்.

மண்சாடியில் வைத்த உறுதி

இனிக் காணி விடயத்துக்கு வருவோம். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 588 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டு நின்றது. எரேமியா இறைவாக்கினர் காவற்கூட முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தார். நகரம் விழும், மக்கள் நாடு கடத்தப்படுவார்கள் என்று சொன்னதே அவர் செய்த குற்றம். அந்த வேளையில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரன் அனமேல் வந்து, அனத்தோத்தில் உள்ள தன் வயலை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். அனத்தோத்து எருசலேமுக்கு அண்மையில் உள்ள சிற்றூர். எரேமியா பிறந்த ஊர். எதிரிப் படை நிற்கும் நிலம் அது.

எரேமியா அதை வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். இன்றைய நிறையில் அது ஏறக்குறைய 200 கிராம். உறுதி எழுதி, கையொப்பமிட்டு, சாட்சிகளைக் கொண்டு உறுதிப்படுத்தினார். முத்திரையிட்ட பிரதி ஒன்றையும் திறந்த பிரதி ஒன்றையும் பாரூக்கிடம் கொடுத்து, நீண்டகாலம் பழுதுபடாமல் இருக்க மண்சாடியில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் வாங்கப்படும் என்பதே அந்தச் செயலின் செய்தி (எரேமியா 32).

எரேமியா அந்த வயலில் ஒரு நாளும் உழவில்லை. நகரம் விழுந்தபின், அவருடைய விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆனால் பாபிலோனிலிருந்து திரும்பியோரின் பெயர்ப்பட்டியல் எஸ்ரா நூலில் இருக்கிறது. அதில் அனத்தோத்து ஊரார் 128 பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கும்போது வெறும் எண்ணாகத் தோன்றும் வரி இது. ஊர்ப் பட்டியலில் தம் பெயரைத் தேடி நின்ற எமக்கு அது வெறும் எண்ணல்ல.

ஆண்டவரின் வருகையை எதிர்பார்க்கிறவர் காணி உறுதியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எரேமியாவே பதில். எதிர்காலத்தைக் கடவுளிடம் ஒப்படைத்த அவர், உறுதியின் இரு பிரதிகளையும் பத்திரப்படுத்தினார். எமது நாட்டுச் சட்டத்தில் பத்து ஆண்டுகள் ஒருவர் மற்றவரின் தனியார் காணியைத் தனக்கென எதிர்ப்பின்றி ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோர இடமுண்டு. எனவே திரும்ப முடியாத நிலையிலும் எமது உரிமையை எழுத்தில் தெரிவித்து வைப்பது அவசியம்.

கைம்பெண்ணும் நடுவரும்

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பொறுத்திருங்கள், எல்லாம் மறுமையில் கிடைக்கும் என்று சொல்லி மக்களின் வாயை அடைக்க இந்த நம்பிக்கையைப் பயன்படுத்தியவர்கள் திருச்சபைக்குள்ளும் இருந்திருக்கிறார்கள். அதை நாம் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் ஆண்டவர் தமது வருகையைப் பற்றிப் பேசிய உடனே சொன்ன உவமை எது? நீதியற்ற நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய், எனக்கு நீதி வழங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்த கைம்பெண்ணின் உவமை (லூக்கா 18). தொல்லை தாங்காமல் நடுவர் இறுதியில் நீதி வழங்கினார். அந்த உவமையின் முடிவில், மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று ஆண்டவர் கேட்கிறார். அப்படியானால் அவர் தேடி வரும் விசுவாசம் அந்தக் கைம்பெண்ணின் விசுவாசம். கச்சேரிப் படிகளில் பத்தாவது தடவையாக ஏறும் விசுவாசம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களோடு உட்கார்ந்தபோது, அந்தக் கைம்பெண்ணைத்தான் நாம் அங்கே கண்டோம். அவர்கள் பெரும்பாலோர் இந்துத் தாய்மார். விழித்திருத்தல் எப்படி என்பதை எமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்.

நான்கு வாரம், நான்கு வேலை

திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களுக்கும் ஒவ்வொரு வேலையை முன்வைக்கிறோம். குடும்பமாகவோ, அயலவர் சேர்ந்தோ செய்யலாம்.

முதல் வாரம்: விதை. வயல் உள்ளவர்கள் விதைக்கென நல்ல துண்டு ஒன்றை இப்போதே தெரிந்து அடையாளமிடுங்கள். கதிர் வந்தபின் வேறின நெற்பயிரைப் பிடுங்கி அகற்றுங்கள். அறுவடையின்பின் பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை காயவைத்து, வேப்பிலை கலந்து வையுங்கள். விதைக்குமுன் 100 மணிகளை ஈரச் சாக்கில் சுற்றி, காயவிடாமல் ஒரு வாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. வயல் இல்லாதவர்கள் மரக்கறி விதையை நன்றாகக் காயவைத்து, சாம்பலோடு போத்தலில் அடைத்து வையுங்கள்.

இரண்டாம் வாரம்: பத்திரம். உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களை ஒன்றாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சிக்கல் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடுங்கள்.

மூன்றாம் வாரம்: அளவு. எமது பொறுப்பில் உள்ள கணக்கு எதுவாயினும், அது சங்கக் கணக்கோ, சீட்டுப் பணமோ, ஆலயக் காசோ, அதைத் திறந்து எல்லார் முன்னிலையிலும் வாசிப்போம். கூலி பாக்கி இருந்தால் கொடுத்துத் தீர்ப்போம்.

நான்காம் வாரம்: அயலவர். ஆண்டவர் மாட்சியோடு வரும்போது, பசியாய் இருந்தேன், அந்நியனாய் இருந்தேன் என்று சொல்லப்போகிறார் (மத்தேயு 25). எமது ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம், இன்னும் காணிக்குத் திரும்பாத குடும்பம், தனியே இருக்கும் முதியவர், இவர்களில் ஒருவருடைய வீட்டுக்குப் போவோம். அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம்.

அந்தச் சாக்கு நெல்

முகாமில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவருக்கு அன்றிரவு கிடைத்த பதிலையும் சொல்ல வேண்டும். பிள்ளை பசியால் வாடும்போது விதைநெல்லைக் குத்திக் கொடுத்தால் அது பாவமல்ல, தாவீது பசித்தபோது கோவில் அப்பத்தையே உண்டாரே என்று சுவாமி சொன்னார். ஆனால் ஆண்டவர் வாற வருசம் வருகிறார் என்பதற்காக அதைக் குத்த வேண்டியதில்லை, அவர் வரும்போது நாம் விதைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் கோபிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "பசி ஒண்டு இருக்கே சுவாமி" என்றார்.

அதற்குப் பிரசங்கத்தில் பதில் இல்லை. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மாதான் பதில் சொன்னார். தங்கள் ஊரில் ஒவ்வொரு நாளும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்து வைக்கும் வழக்கம் இருந்ததை நினைவூட்டினார். அந்தப் பிடியரிசியை மாசி வரை ஐயாவின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்றார். எல்லாரிடமும் இருந்தது நிவாரண அரிசிதான். ஆனாலும் ஏழு குடும்பங்கள் சம்மதித்தன.

சாக்கு நெல் அப்படியே தப்பியது என்று சொல்ல மாட்டோம். தாள முடியாத ஒரு கிழமையில் அதில் கொஞ்சம் குத்தப்பட்டது. மீதி அடுத்த புரட்டாசியில், முகாமுக்கு அண்மையில் குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர் காணியில், புழுதியில் விதைக்கப்பட்டது. பிடியரிசி தந்த ஏழு வீட்டாரும் விதைப்புக்கு வந்தார்கள். அன்றும் வானத்தில் முகில் இருக்கவில்லை.

சிந்திப்போம், கலந்து பேசுவோம்

1. ஆண்டவர் வரும் நாளைக் குறித்துச் சொல்லும் போதனைகளை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? அவற்றைக் கேட்டவர்கள் தம் வேலையில், வீட்டில் என்ன மாற்றங்களைச் செய்தார்கள்?

2. எமது கிராமத்தில், அல்லது நாம் தங்கியிருக்கும் இடத்தில், பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பம் உண்டா? அதற்காக யார், எப்போது, எந்த அலுவலகத்துக்குப் போவது?

3. எமது குடும்பத்தின் 'மண்சாடி' எங்கே இருக்கிறது? அதில் என்னென்ன இருக்கின்றன, என்னென்ன இல்லை?

4. பிடியரிசி போன்ற பழைய வழக்கங்களில் எதை மீண்டும் தொடங்கலாம்?